கோப்பில் எழுதியதைக் கட்டளை வரி மாற்றலாமா? – கணினிக் கேள்வி பதில்

கேள்வி: தேயிலைத் தோட்டமொன்றின் பெக்டரி ஆபீசில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நிறுக்கும் கொழுந்தின் கணக்கைத் தராசிலிருந்து எடுத்து, ஆளுக்கு ஆள் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போட்டு, மாத முடிவில் சம்பளத் துண்டு அச்சிடும் சிறு நிரலொன்றைப் பைத்தனில் எழுதியிருக்கிறேன். பிரிண்டரின் பெயர், தரவு இருக்கும் இடம், நாட்சம்பளம், ஒரு பேருக்கு வேண்டிய கொழுந்து (18 கிலோ), ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்காகக் கழிக்கும் நிறை (1 கிலோ) ஆகியவை ஓர் அமைவுக் கோப்பில் இருக்கின்றன. அவற்றுள் எதையும் நிரலை இயக்கும்போது கட்டளை வரியில் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பெரிய கிளாக்கர் ஐயாவோ, கோப்பில் இருப்பதே முடிவானதாக இருக்க வேண்டும், வரியில் அடிப்பவர் அதை மாற்றக்கூடாது என்கிறார். லினக்ஸில் எல்லா நிரல்களும் கட்டளை வரிக்குத்தானே முதலிடம் கொடுக்கின்றன? யார் சொல்வது சரி?
— வாசகர், அட்டன்

பதில்: பொது வழக்கைச் சொன்னால் நீங்கள் சொல்வது சரி. உங்கள் நிரலின் அமைவுகளில் பாதியைப் பொறுத்தவரை பெரிய கிளாக்கர் சொல்வது சரி. எந்தப் பாதி என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு நிரல் தன் அமைவுகளைப் பல இடங்களிலிருந்து பெறுகிறது. நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட இயல்பு மதிப்பு அடியில் இருக்கும். அதன் மேல், இயந்திரம் முழுவதற்குமாக நிர்வாகி ஈடிசி கோப்புறையில் எழுதிவைத்தது. அதன் மேல், பயனர் தமது சொந்தக் கோப்புறையில் எழுதிவைத்தது. பல நிரல்களில் அதற்கும் மேல், நிரல் தொடங்கப்படும் சூழலிலிருந்து அதற்கு வந்துசேரும் பெயரிட்ட மதிப்புகளான சூழல் மாறிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, இயக்கும் நேரத்தில் அடிக்கப்படும் கட்டளை வரி. நிரலை எழுதியவருக்கு உங்கள் ஆபீசைத் தெரியாது. கோப்பை எழுதியவருக்கு ஆபீசைத் தெரியும், ஆனால் இன்றைய நிலைமை தெரியாது. வரியை அடிப்பவருக்கு மட்டுமே இந்த நிமிடம் என்ன தேவை என்பது தெரியும். ஆகவே பிந்தியதும் நெருக்கமானதுமான சொல் செல்லும் என்ற ஏற்பாடு நியாயமானதே.

அதை மாற்றி வைத்தால் என்ன நடக்கும் என்பதை உங்கள் பிரிண்டரை வைத்தே பார்க்கலாம். சம்பளத்துக்கு முதல் நாள் மாலை ஆபீஸ் பிரிண்டரில் கடதாசி சிக்கிக்கொள்கிறது. டீமேக்கரின் அறையிலுள்ள பிரிண்டரில் அச்சிட வேண்டியிருக்கிறது. கட்டளை வரிக்கு முதலிடம் இருந்தால் அந்த ஒரு தடவைக்கு வேறு பிரிண்டரின் பெயரை வரியில் கொடுத்து வேலையை முடித்துவிடலாம்; மறுநாள் எதையும் திருத்த வேண்டியதில்லை. கோப்புக்கு முதலிடம் இருந்தாலோ, கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, அச்சிட்டு, பிறகு பழையபடி ஆக்க வேண்டும். அந்தக் கடைசி வேலை மறக்கப்படுவதற்கென்றே இருப்பது. ஒரே நேரத்தில் இரண்டு டிவிசன்களுக்கு இரண்டு பிரிண்டர்களில் அச்சிடுவதும் அந்த ஏற்பாட்டில் இயலாது. ஆகவே பிரிண்டர், தரவு இருக்கும் இடம், துண்டின் எழுத்தளவு போன்றவற்றில் வரியே வெல்லட்டும்.

இனி, எல்லா நிரல்களும் அப்படித்தான் என்ற உங்கள் நம்பிக்கைக்கு வருவோம். பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் வேண்டுமென்றே விலகி நடப்பவையும் உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள சேர்வரில் ஒரு தெரிவு பல தடவை கொடுக்கப்பட்டால் கடைசியாக வந்ததே செல்லும். கோப்புகளுக்குப் பின்னரே கட்டளை வரி பார்க்கப்படுவதால் வரி வெல்லும். ஆனால் சேர்வர் எந்தப் பயனரின் பெயரில் இயங்க வேண்டும் என்று குறிக்கும் தெரிவுக்கு மட்டும் முதலில் வந்ததே செல்லும். கோப்பில் குறித்த பயனரை வரியில் அடிப்பவர் மாற்றிவிடக்கூடாது என்ற பாதுகாப்புக் காரணத்தை அதன் கையேடே கூறுகிறது. நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டொக்கர் வேறொரு வழியைத் தேர்ந்திருக்கிறது: பின்னணியில் இயங்கும் அதன் சேவைக்கு ஒரே அமைவைக் கோப்பிலும் வரியிலும் கொடுத்தால், இரண்டு மதிப்புகளும் ஒன்றாகவே இருந்தாலும்கூட, அது பிழை சொல்லித் தொடங்க மறுத்துவிடும். முதல் தடவை பார்ப்பவருக்கு இது பிடிவாதமாகத் தோன்றும். எனக்கோ, எது வென்றது என்று நடுஇரவில் தேடிக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்றே படுகிறது.

மைஎஸ்கியூஎல் அந்த ஒரு தெரிவை ஏன் தனியே பிரித்தது என்று யோசித்தால் உங்கள் வழக்கும் தீர்ந்துவிடும். கோப்பை எழுதியவரும் வரியை அடிப்பவரும் ஒருவரே என்றால், அல்லது கோப்பு வெறும் வசதிக்காக எழுதப்பட்டது என்றால், வரி வெல்ல வேண்டும். வரியை அடிப்பவரைக் கட்டுப்படுத்துவதற்காகவே வேறொருவர் கோப்பில் எழுதியது என்றால், வரி வெல்லக்கூடாது. உங்கள் பட்டியலில் நாட்சம்பளமும், பேருக்குரிய கிலோவும், சாக்குக் கழிவும் இந்த இரண்டாவது வகை. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் ஆனது வர்த்தமானியினால். எந்த ஆபீசிலும் எவரும் வரியில் அடித்து ஆனதல்ல.

சாக்குக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறுவைகளில் மொத்தம் 21 கிலோ கொழுந்து கொண்டுவந்த ஒருவருக்கு, நிறுவைக்கு 1 கிலோ வீதம் கழித்தால் 18 கிலோ நிற்கும், முழுப் பேர். அன்று நிரலை இயக்கியவர் வரியில் --கழிவு 2 என்று அடித்தால் நிற்பது 15 கிலோ, அரைப் பேர். மடுவத்தில் அந்தப் பெண்ணின் கண்முன்னே தராசு காட்டிய எண் மாறவில்லை, கோப்பும் மாறவில்லை. ஆனால் அவரது அரை நாள் சம்பளம் போய்விட்டது. அடித்த வரியை நிரல் எங்கும் பதியவில்லை என்றால் அதைப் பிறகு கண்டுபிடிக்கவும் வழியில்லை. சாக்கும் ஈரமும் சொல்லி எத்தனை கிலோ கழிப்பது என்பது நமது மலைகளில் நெடுங்காலமாக நடக்கும் சண்டை என்பதைப் பெரிய கிளாக்கர் நன்கு அறிந்திருப்பார். அவர் கேட்பது காரணத்தோடுதான்.

ஆனால் வரியில் கொடுத்ததைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கோப்பில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி நிரலை எழுதிவிடாதீர்கள். சொன்னதை நிரல் கேட்டுவிட்டது என்று அடித்தவர் நம்பிக்கொண்டிருப்பார். இந்த அமைவை வரியில் மாற்ற இயலாது, இது இன்ன கோப்பில் இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லி, பிழைக் குறியீட்டோடு நிரல் நின்றுவிட வேண்டும். அதைவிட நல்லது, அப்படியொரு தெரிவையே கட்டளை வரியில் வைக்காமல் விடுவது.

இங்கே ஒரு பொத்தலும் இருக்கிறது. எந்த அமைவுக் கோப்பைப் படிப்பது என்பதையே வரியில் கொடுக்க உங்கள் நிரல் அனுமதித்தால், மேலே சொன்ன பூட்டுகள் எதற்கும் பொருளில்லை. கோப்பைப் பிரதி எடுத்து, எண்ணை மாற்றி, அந்தப் பிரதியைக் காட்டினால் போதும். ஆகவே அமைவுகளை இரண்டு கோப்புகளாகப் பிரியுங்கள். வசதிக்கான கோப்பை எவரும் மாற்றலாம், வேறு கோப்பையும் காட்டலாம். விதிகளுக்கான கோப்பின் இடம் நிரலுக்குள் நிலையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்கு உரிமையாளர் வேறொரு பயனராக இருக்க வேண்டும். நிரலை இயக்குபவருக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் போதும். நிரலின் மூலக் கோப்பும் அதே பயனருக்கு உரியதாக இருக்கட்டும். இல்லையென்றால் பைத்தன் தெரிந்தவர் அதைத் திறந்து அந்த இடத்தையே மாற்றிவிடலாம். இவை எல்லாவற்றையும் செய்தாலும் நான் அதிகம் நம்புவது வேறொன்றை: சம்பளத் துண்டின் அடியில், நாட்சம்பளம் இவ்வளவு, பேருக்கு 18 கிலோ, நிறுவைக்குக் கழிவு 1 கிலோ என்று அந்தக் கணக்குக்குப் பயன்பட்ட மதிப்புகளை அச்சிட்டுவிடுங்கள். துண்டை வாங்குபவர் வாசிக்கக்கூடிய எண்ணைத் திருட்டுத்தனமாக மாற்றுவது கடினம்.

பழைய மாதத்தின் துண்டை மறுபடி அச்சிடும்போது பழைய நாட்சம்பளம் வேண்டுமே, அதற்காகத்தான் வரியில் மாற்ற விட்டேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கு விதிக் கோப்பில் ஒரே எண்ணை வைக்காமல், இன்ன தேதியிலிருந்து இவ்வளவு என்று வரிசையாக வையுங்கள். மாதத்தைப் பார்த்து நிரலே உரிய மதிப்பை எடுத்துக்கொள்ளும். அந்த மாதம் எது என்பதை மட்டும் எப்போதும் வரியில்தான் கேட்க வேண்டும். மாதத்தைக் கோப்பில் எழுதிவைத்தால், கோப்பை மாற்ற மறந்த முதல் மாதத்திலேயே முந்திய மாதத்தின் கணக்கு இரண்டாம் தடவை அச்சாகும்.

கேள்வி: வேறு இயந்திரங்களில் உள்நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் நிரலின் அமைவுக் கோப்பின் தலைப்பில் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாக ஒரு பயனர் பெயரும், கீழே ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்கு வேறொரு பயனர் பெயரும் எழுதினேன். கீழே எழுதியது எடுபடவில்லை. மூலக் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் நிரலில் பின்னால் எழுதியதுதானே முன்னால் எழுதியதை வெல்கிறது?
— வாசகி, பண்டாரவளை

பதில்: இரண்டு நிரல்களும் எதிர் எதிரான விதிகளைப் பின்பற்றுகின்றன. எஸ்எஸ்எச்சின் பரவலான வடிவமான ஓபன்எஸ்எஸ்எச் ஓர் அமைவுக்கு முதலில் கிடைத்த மதிப்பைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருவனவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அதனால் குறிப்பிட்ட இயந்திரங்களுக்கான பகுதிகளை மேலேயும், நட்சத்திரக் குறியிட்ட பொதுப் பகுதியைக் கோப்பின் கடைசியிலும் எழுத வேண்டும். கிட் நிரலோ இயந்திரம் முழுவதற்குமான கோப்பு, பயனரின் கோப்பு, அந்தக் களஞ்சியத்தின் கோப்பு என்ற வரிசையில் வாசித்துக்கொண்டு போய், கடைசியாகக் கிடைத்த மதிப்பை எடுத்துக்கொள்கிறது.

விதிகள் எதிராக இருந்தும் இரண்டிலும் கட்டளை வரியே வெல்வதைக் கவனித்தீர்களா? எஸ்எஸ்எச் வரியை முதலில் பார்க்கிறது, பிறகு பயனரின் கோப்பை, அதன் பிறகே இயந்திரத்தின் கோப்பை. முதல் மதிப்பே செல்லும் என்பதால் வரி வெல்கிறது. கிட் வரியில் கொடுத்ததைக் கடைசியில் சேர்க்கிறது. கடைசி மதிப்பே செல்லும் என்பதால் அங்கும் வரியே வெல்கிறது. கோப்புக்கும் வரிக்கும் இடையிலான உறவு மாறாமல், கோப்புக்குள் இருக்கும் ஒழுங்கு மட்டும் தலைகீழாகிறது. இதிலும் விலக்கு உண்டு: எஸ்எஸ்எச்சில் அடையாளச் சாவிக் கோப்பைக் குறிக்கும் அமைவு ஒன்றையொன்று வெல்வதில்லை, எழுதியவை எல்லாம் ஒரு பட்டியலில் சேர்ந்துகொண்டே போகும். வேண்டாத பழைய சாவிகள் முயலப்பட்டு இணைப்பு மறுக்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஊகித்துக்கொண்டிராமல் நிரலையே கேட்டுவிடலாம். எஸ்எஸ்எச் கட்டளையோடு பெரிய எழுத்து ஜி தெரிவைச் சேர்த்து இயந்திரத்தின் பெயரைக் கொடுத்தால், இணைப்பை ஏற்படுத்தாமல், எல்லாம் கூட்டிக் கழித்த பின் நிற்கும் அமைவுகளை அச்சிட்டுக் காட்டும். கிட் நிரலின் அமைவுகளைப் பட்டியலிடும் கட்டளைக்கு, தோற்றுவாயைக் காட்டும்படி கேட்கும் தெரிவு 2016இல் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது, அல்லது கட்டளை வரியிலிருந்து வந்ததா என்பதைக் காட்டும். இந்த வசதி இல்லாத நிரலில் ஐந்தாறு அடுக்குகளாக அமைவுகளை வைப்பது பயனருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: முன்னுரிமை வரிசையைச் சரியாகத்தான் எழுதினேன். கோப்பில் பக்கத்துக்கு 40 வரி என்று இருக்கிறது. கட்டளை வரியில் நான் எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் நிரல் 60 வரி என்றே அச்சிடுகிறது. கட்டளை வரியைப் பிரித்துப் படிக்க, பைத்தனின் ஆர்க்பார்ஸ் தொகுதியைப் பயன்படுத்துகிறேன்.
— மாணவர், பதுளை

பதில்: அந்த 60 எங்கிருந்து வந்தது என்று உங்கள் நிரலில் தேடினால், ஆர்க்பார்ஸில் அந்தத் தெரிவை அறிவித்த இடத்தில் டிபோல்ட் என்பதற்கு எதிரே இருக்கும். கட்டளை வரியில் நீங்கள் ஒன்றும் சொல்லாதபோது ஆர்க்பார்ஸ் அந்த 60ஐத் தானாகவே நிரப்பி உங்களிடம் தந்துவிடுகிறது. உங்கள் நிரலோ, வரியிலிருந்து வந்தது என்று நம்பி, அதைக் கோப்பின் 40க்கு மேல் வைக்கிறது. அடியில் இருக்க வேண்டிய இயல்பு மதிப்பு வரியின் வேடத்தில் வந்து உச்சியில் உட்கார்ந்துகொண்டது. முன்னுரிமை பற்றி வரும் முறைப்பாடுகளில் நான் அடிக்கடி காணும் பிழை இதுதான். வரிசை சரியாகவே இருக்கும். பயனர் சொல்லவில்லை என்பதற்கும், இயல்பு மதிப்பையே அவர் சொன்னார் என்பதற்கும் உள்ள வித்தியாசம் தொலைந்திருக்கும்.

திருத்தம் எளிது. ஆர்க்பார்ஸில் எந்தத் தெரிவுக்கும் இயல்பு மதிப்பு கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால், சொல்லப்படாத தெரிவுகளுக்கு அது நன் என்ற வெற்று மதிப்பைத் தரும். அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை ஓர் அகராதியாகவும், கோப்பில் இருப்பதை இன்னோர் அகராதியாகவும், இயல்பு மதிப்புகளை மூன்றாவதாகவும் வைத்து, அந்த வரிசையிலேயே செயின்மேப்பிடம் கொடுங்கள். பைத்தன் 3.3இலிருந்து உள்ள இந்த வகுப்பு, முதல் அகராதியில் இல்லாததை அடுத்ததில் தேடும். இதே வேலைக்கு அதைப் பயன்படுத்தும் உதாரணம் பைத்தனின் ஆவணத்திலேயே இருக்கிறது. நீக்க மறந்தால் நன் என்பதும் ஒரு மதிப்பாக எண்ணப்பட்டுக் கோப்பை மறைத்துவிடும். அது இன்னும் விசித்திரமான பிழை.

ஆம், இல்லை என்ற இரண்டு மதிப்புகள் மட்டும் உள்ள தெரிவுகளில் இது இரட்டிப்புத் தொல்லை. ஸ்டோர்_ட்ரூ முறையில் அறிவித்த தெரிவு, வரியில் கொடுக்கப்படாவிட்டால் நன் ஆகாமல் நேரே பொய் என்ற மதிப்பைத் தருவதால், கோப்பில் எழுதிய ஆம் எடுபடாமல் போகும். அதைச் சரிசெய்த பிறகும், கோப்பில் ஆம் என்று இருப்பதை இன்று மட்டும் வேண்டாம் என்று வரியில் சொல்ல வழியிருக்காது. தெரிவின் பெயருக்கு முன்னால் இல்லை என்பதைக் குறிக்கும் நோ சேர்ந்த எதிர்வடிவத்தையும் தானே உருவாக்கும் பூலியன்ஒப்ஷனல்அக்ஷன் என்ற முறை பைத்தன் 3.9இல் வந்தது, அதைப் பாவியுங்கள்.

கேள்வி: தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதிவைக்க விருப்பமில்லை. ஒவ்வொரு தடவையும் கட்டளை வரியில் கொடுப்பது பாதுகாப்பானதுதானே?
— வாசகர், நுவரெலியா

பதில்: இல்லை. நிரல் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன் கட்டளை வரியை அந்த இயந்திரத்தின் மற்றப் பயனர்களும், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பீஎஸ் கட்டளையால் பார்க்க முடியும் என்பதே பெரும்பாலான லினக்ஸ் நிறுவல்களின் நிலை. அடித்த வரி, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் தங்கிவிடும். வரியில் கடவுச்சொல் கொடுத்தால் மைஎஸ்கியூஎல் நிரலே எச்சரிக்கை அச்சிடுகிறது. உங்களால் மட்டுமே வாசிக்கக்கூடியவாறு அனுமதி 600 இட்ட ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். அல்லது இயக்கும்போது நிரல் கேட்கட்டும், திரையில் தெரியாதவாறு அடியுங்கள்.

கேள்வி: இரவில் தானாக ஓடும்படி க்ரொன்னில் போட்டுவைத்த நிரல், நான் கையால் இயக்கும்போது எடுக்கும் அமைவுகளை எடுப்பதில்லை. சூழல் மாறியைப் பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பில்தான் எழுதியிருக்கிறேன்.
— வாசகி, தலவாக்கலை

பதில்: க்ரொன் அந்தத் தொடக்கக் கோப்பை வாசிப்பதில்லை; மிகச் சில சூழல் மாறிகளோடுதான் நிரலைத் தொடங்குகிறது. இன்னொன்றையும் பாருங்கள்: வேலையை ரூட் என்ற நிர்வாகப் பயனரின் க்ரொன்டாப்பில் (க்ரொன் வேலைகளின் பட்டியலில்) போட்டிருந்தால், நிரல் உங்கள் சொந்தக் கோப்புறையை விட்டு ரூட்டின் கோப்புறையில் அமைவுக் கோப்பைத் தேடும், அங்கே அது இல்லாததால் இயல்பு மதிப்புகளில் ஓடும், பிழையும் காட்டாது.

ஆளில்லாமல் ஓடும் வேலைகளுக்கு நான் சூழல் மாறிகளையும் நம்புவதில்லை, தேடிக் கண்டுபிடிக்கப்படும் கோப்புகளையும் நம்புவதில்லை. எந்த அமைவுக் கோப்பு என்பதை முழுப் பாதையோடு க்ரொன்டாப் வரியிலேயே கொடுத்துவிட்டு, மற்ற அமைவுகளை அந்தக் கோப்புக்குள் எழுதுங்கள். முடிந்தால் அந்தக் கோப்பு இல்லாதபோது நிரல் நின்றுவிடும்படியும் செய்யுங்கள். தேதியின் வடிவத்தை மட்டும் க்ரொன்டாப் வரியில் கொடுக்க வேண்டாம், கோப்பில் வையுங்கள்; அந்த வடிவங்களில் வரும் சதவீதக் குறியைக் க்ரொன் புதுவரிக் குறியாக மாற்றி, அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் நிரலுக்கு உள்ளீடாக அனுப்பிவிடும். அங்கேதான் கொடுத்தாக வேண்டும் என்றால், ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு இடுங்கள்.